அப்பர்ச்சரைத் தொடும் முன்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கேமராவோடு வரும் தம்பிகள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, எந்த அப்பர்ச்சர் வைக்கட்டும்?” நான் முதலில் தள்ளி நிற்கச் சொல்வேன்.

வியாபாரி மல்லிகையை எடை போடுகிறார். தராசுத் தட்டுக்கும் முகத்துக்கும் அரை மீட்டர் இடைவெளி. ஃபுல் ஃபிரேம் கேமரா, 50 எம்.எம். லென்ஸ், எஃப்/1.8. இரண்டு மீட்டரில் நின்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 17 செ.மீ.தான், பூவா முகமா, ஒன்றுதான் கிடைக்கும். நான்கு மீட்டருக்குப் போனால் அதுவே 70 செ.மீ. தூரம் இரட்டித்தால் டெப்த் ஆஃப் ஃபீல்டு நான்கு மடங்கு. நின்ற இடத்திலேயே இதைப் பெற எஃப்/7.1 வரை மூட வேண்டும். வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். விடியாத மார்க்கெட்டில் அது கட்டுப்படியாகாது.

ஒன்றைக் கவனியுங்கள். தள்ளிப் போய், ஆளைப் பழைய அளவுக்குக் கொண்டுவர 100 எம்.எம். மாட்டினால் மறுபடி 17 செ.மீ.தான். லென்ஸை மாற்றாமல் படத்தை வெட்டிப் பெரிதாக்கினால் பாதி லாபமாவது மிஞ்சும்.

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் நம் இஷ்டத்துக்கு நகர முடியாது. வாடிவாசலிலிருந்து பாய்ந்து வரும் காளை பத்து மீட்டரில் இருக்கும்போது 200 எம்.எம்., எஃப்/2.8 வைத்தால் 42 செ.மீ.தான் தேறும். கொம்பு பளிச்சென்று விழும். திமிலை அணைத்த வீரரின் முகம் கரைந்துவிடும். அந்த முகம் இல்லாமல் அது என்ன ஜல்லிக்கட்டுப் படம்? தை மாத வெயில் தாராளமாக இருக்கிறது, எஃப்/5.6-க்கு மூடுங்கள், 84 செ.மீ. கிடைக்கும்.

திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசைக்குப் பலரும் கடைசித் தூணில் ஃபோகஸ் வைக்கிறார்கள். 24 எம்.எம்., எஃப்/8-ல் 2.4 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் 1.2 மீட்டரிலிருந்து கடைசி வரை தெளிவாக வரும். எஃப்/22-க்கு ஓடத் தேவையில்லை. அங்கே ஒளியின் விளிம்பு விளைவால் முழுப் படமுமே மழுங்கத் தொடங்கும்.

செல்போனின் சென்சார் மிகச் சிறியது, அதனால் எல்லாமே தெளிவாக விழும். போர்ட்ரெய்ட் மோடின் மங்கல் மென்பொருள் வரைவது. மல்லிகைச் சரத்தின் ஓரத்தைப் பெரிதாக்கினால் தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் சாதாரண அச்சுக்கானது. ஃப்ளெக்ஸைத் தெருவிலிருந்து பார்ப்பதால் குறை தெரியாது. 20×30 அங்குலத்தில் கண்காட்சிக்கு அச்சிட்டால் பக்கத்தில் வந்து பார்ப்பார்கள். அந்தப் படங்களுக்கு நான் இரண்டு ஸ்டாப் கூடுதலாக மூடிக்கொள்கிறேன்.