கை மரத்துப்போனால் கருவியைக் கழற்றிவிட வேண்டாம்



உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்க்கு டாக்டர்கள் சிபாப் என்ற கருவியை எழுதித் தருகிறார்கள். பல ஆயிரம் ரூபாய் செலவில் அது வீட்டுக்கு வருகிறது. முதல் சில வாரங்களில் சிலருக்குக் கை வலிக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. “இந்த மிஷின் வந்த பிறகுதான் இப்படி” என்று சொல்லிக் கருவியை பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள். கை சரியாகிறதோ இல்லையோ, பழைய நோய் அன்றிரவே திரும்பிவிடுகிறது. ஆகவே இந்தக் கைவலி எங்கிருந்து வருகிறது, என்ன செய்தால் போகும், எந்த வலிக்கு உடனே ஓட வேண்டும் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

நோய் என்ன, கருவி என்ன?

நம் கடற்கரை மக்களுக்கு இந்த நோயை விளக்குவது எளிது. முத்துக் குளித்த காலத்தில், குளிப்பவர் மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்குவார். மூச்சு முட்டும்போது மேலே வந்துவிடுவார். ஸ்லீப் ஆப்னியா உள்ளவரும் இரவெல்லாம் இப்படித்தான் மூழ்கி மூழ்கி எழுகிறார். ஆனால் அது அவருக்கே தெரியாது. படுத்ததும் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கிடுகிறார்கள். மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் நடந்தால் நோய், முப்பதைத் தாண்டினால் கடுமையான நோய்.

ஒவ்வொரு தடையிலும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, இதயம் பதறுகிறது, மூளை அரைகுறையாக விழிக்கிறது. இப்படியே ஆண்டுகள் போனால் ரத்த அழுத்தம் ஏறும். மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பும் கூடும். பகலில் கண் சொக்கும். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லாரி எடுத்து இரவில் மதுரை ரோட்டில் போகிறவருக்கு ஒரு நொடிக் கண்ணயர்வு போதும். போவது அவர் உயிர் மட்டுமல்ல.

சிபாப் கருவியை ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் உருவாக்கி, 1981-ல் உலகுக்கு அறிவித்தார். அது செய்வது ஒரே வேலை. அறையில் இருக்கும் சாதாரணக் காற்றை மெல்லிய அழுத்தத்தோடு முகமூடி வழியே அனுப்பி, தொண்டை அடைபடாமல் பார்த்துக்கொள்கிறது. அதில் மருந்து இல்லை. அந்தக் காற்று கை நரம்புக்குப் போவதும் இல்லை.

அப்படியானால் கை ஏன் மரக்கிறது?

முதல் காரணம், நல்ல தூக்கம். முன்பு மூச்சு முட்டி முட்டி இரவெல்லாம் புரண்டுகொண்டே இருந்தவர், இப்போது அசையாமல் ஆழ்ந்து உறங்குகிறார். மடங்கிய மணிக்கட்டும் உடலுக்கடியில் சிக்கிய கையும் மணிக்கணக்கில் அப்படியே இருந்துவிடுகின்றன.

இரண்டாவது, படுக்கும் விதம். முகமூடி நகர்ந்துவிடுமோ, குழாய் இழுபடுமோ என்ற பயத்தில் சிலர் விறைப்பாக மல்லாந்து படுத்து, குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்குகிறார்கள். சிலர் முகமூடி தலையணையில் அழுந்தாமல் இருக்கக் கையைத் தலைக்கு அடியில் கொடுக்கிறார்கள். சிலர் தலையணை மேல் தலையணை வைத்துக் கழுத்தை வளைக்கிறார்கள்.

மூன்றாவது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் நோய். அதிக எடையும் தைராய்டு சுரப்புக் குறைவும் ஆப்னியாவுக்கும் வழி செய்கின்றன, மணிக்கட்டு நரம்பையும் நெருக்குகின்றன. சர்க்கரை நோயாளிகளிடமும் இந்த இரண்டு தொல்லைகளையும் அதிகம் காணலாம். வலை இழுப்பது, தையல் மிஷினில் உட்காருவது, உப்பளத்தில் வாருவது போன்ற வேலைகளும் மணிக்கட்டைச் சோதிப்பவை. கருவி வந்த நேரமும் வலி தெரிந்த நேரமும் ஒன்றாக அமைந்துவிடுவதால் பழி கருவி மேல் விழுகிறது.

எந்த விரல் என்று பாருங்கள்

டாக்டரிடம் “கை மரக்குது” என்று மட்டும் சொல்லாமல், எந்த விரல் என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

• பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, கையை உதறினால் சரியானால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. கார்ப்பல் டன்னல் என்பது இதுதான். இது இரவில்தான் அதிகம் படுத்தும்.

• சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால், முழங்கையில் நரம்பு அழுந்துகிறது. கையை மடக்கித் தூங்குபவர்களுக்கு இது வரும்.

• கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து கை வரை வலி இறங்கினால், கழுத்தெலும்புப் பக்கம் பார்க்க வேண்டும்.

• இரண்டு கால்களிலும் தொடங்கி, பிறகு இரண்டு கைகளும் மரத்தால், சர்க்கரையால் நரம்பு பாதித்திருக்கலாம், அல்லது வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது உண்டு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

• கை முழுவதும் மரத்து, எழுந்து அசைத்ததும் ஓரிரு நிமிடத்தில் தெளிந்தால், கைமேல் படுத்ததுதான் காரணம்.

ஒரு வாரம் காலையில் எழுந்ததும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எந்தக் கை, எந்த விரல், எப்படிப் படுத்திருந்தீர்கள், எவ்வளவு நேரத்தில் சரியானது.

இன்றிரவே செய்யக்கூடியவை

குழாயைத் தலைக்கு மேலே கொண்டுபோங்கள். கட்டிலின் தலைமாட்டிலோ சுவரிலோ ஒரு கொக்கி மாட்டி அதில் தொங்கவிட்டால், புரண்டு படுத்தாலும் குழாய் கூடவே வரும். கை அதைப் பிடிக்க வேண்டியதில்லை.

முகமூடியை உட்கார்ந்தபடி இறுக்காமல், படுத்துக்கொண்டு கருவியை ஓடவிட்டு, காற்று கசியாத அளவுக்கு மட்டும் பட்டையை இழுங்கள். பகலில் விழித்திருக்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகினால் இரவில் விறைத்துப் படுக்கும் பயம் குறையும்.

ஒருக்களித்துப் படுக்கும்போது நெஞ்சுக்கு முன்னால் ஒரு சிறு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். மேல் கை அதில் தாங்கும், கீழ்க் கை உடலுக்கடியில் போகாமல் முன்னால் இருக்கும். தலைக்கு ஒரே தலையணை போதும், கழுத்து நேராக இருக்கட்டும்.

சுண்டுவிரல் மரப்பவர்கள் ஒரு துண்டை முழங்கையில் தளர்வாகச் சுற்றிக்கொண்டால் கை முழுதும் மடங்காது. பெருவிரல் பக்கம் மரப்பவர்கள், டாக்டரிடம் கேட்டு, மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் சில வாரங்கள் போடலாம்.

கருவியின் அழுத்தத்தை நீங்களாகக் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம். வலி மாத்திரையைக் கடையில் வாங்கி நாள்கணக்கில் விழுங்கவும் வேண்டாம். சிறுநீரகமும் ரத்த அழுத்தமும் அதனால் கெடும்.

சுன்னத்தும் சஜ்தாவும்

வலப்பக்கம் சாய்ந்து, வலக்கையைக் கன்னத்தின் கீழ் வைத்து உறங்குவது நபி (ஸல்) அவர்களின் வழக்கம் என்பதை நாம் அறிவோம். ஆப்னியா உள்ள பலருக்கு, மல்லாந்து படுப்பதைவிட ஒருக்களித்துப் படுப்பதே மூச்சுக்கு நல்லது என்று மருத்துவமும் சொல்கிறது. ஆகவே கருவிக்குப் பயந்து இந்த வழக்கத்தை விட வேண்டியதில்லை. ஓதி முடித்துப் படுக்கும்போது உள்ளங்கையை மடக்காமல் விரித்து வையுங்கள். கை மரப்பதை உணர்ந்தால் எடுத்துத் தலையணை மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

சஜ்தாவில் உள்ளங்கை ஊன்றும்போது மணிக்கட்டில் வலி குத்தினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. எந்த அளவுக்கு என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள். விரலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சுபுஹுக்கு ஒளுச் செய்ய வெந்நீர் எடுத்தால், சூட்டை வீட்டார் யாராவது பார்த்துத் தரட்டும். மரத்த கைக்குச் சூடு தெரியாது.

காத்திருக்கக் கூடாத வலி

எல்லாக் கைவலியும் படுத்த விதத்தால் வருவதல்ல. ஆப்னியா உள்ளவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம் என்பதால் கவனம் தேவை.

நெஞ்சை அழுத்துவது போன்ற வலியோடு கை, தோள், தாடை வலித்து வியர்த்தாலும், திடீரென ஒரு பக்கக் கை கால் சோர்ந்து, முகம் கோணி, பேச்சு குழறினாலும் ‘வாய்வு’ என்று இஞ்சி கஷாயம் வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

கம்ப்ரஸர் காற்றில் சங்கு குளிக்கும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு சொல். குளித்துக் கரையேறிய பிறகு தோளோ முழங்கையோ வலித்து, கை மரத்தால், அது ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டியதாக இருக்கலாம். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கடலில் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதையும் சொல்லுங்கள்.

அவசரமில்லாவிட்டாலும் தள்ளிப்போடக் கூடாதவை சில உண்டு. சட்டைப் பொத்தான் போட முடியாமை, டம்ளர் கை நழுவி விழுதல், பெருவிரல் அடியில் சதை வற்றுதல், காலையில் மணிக்கட்டைத் தூக்க முடியாமை, படுக்கும் விதத்தை மாற்றி இரண்டு மூன்று வாரமாகியும் குறையாத மரப்பு. இவற்றுக்குத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் காட்டித் தொடங்கலாம்.

வீட்டாருக்கு

குறட்டையையும் மூச்சு நிற்பதையும் முதலில் கேட்பவர் பக்கத்தில் படுத்திருப்பவர்தான். கையை எப்படி வைத்துத் தூங்குகிறார் என்பதையும் அவரே பார்க்க முடியும். வாப்பா கருவியைக் கழற்றி வைத்துவிட்டால் சண்டை போடாதீர்கள். “எந்த விரல் மரக்குது வாப்பா?” என்று கேளுங்கள், குழாய்க்கு ஒரு கொக்கி அடித்துக் கொடுங்கள்.

நோயைத் தந்த அல்லாஹ் அதற்கு நிவாரணத்தையும் தந்திருக்கிறான். கிடைத்த நிவாரணத்தைச் சின்னத் தொல்லைக்காகக் கைவிடாமல், தொல்லையைத் தனியே சரிசெய்துகொள்வதே நம் உடல் என்ற அமானிதத்துக்கு நாம் செய்யும் கடமை. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நிம்மதியான உறக்கத்தையும் பூரண ஆரோக்கியத்தையும் தந்தருள்வானாக, ஆமீன்.