டீக்கடையில் எடுக்கும் முடிவுகள்

கேள்வி: அக்கா, திருவொற்றியூரில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறோம். கல்லூரி மாணவர்கள்தான் அதிகம். மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. ஞாயிறு மாலை 5 மணிக்கு ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுவோம். எட்டு மணிக்கு மேல் டீக்கடையில் பேச்சு தொடரும். அடுத்து யார் பேசுவது, எந்தத் திட்டத்தில் வேலை செய்வது என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகும். போன வருடம் நான்கு பெண்கள் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள்.

இப்போது ஒரு நண்பர், நடத்தை விதிகள் எழுத வேண்டும், ஒருங்கிணைப்பாளர்கள் ஐந்து பேரில் இரண்டு இடம் பெண்களுக்கு வேண்டும் என்கிறார். எங்களில் நன்றாக நிரல் எழுதும் மூத்தவர் ஒருவர், "கோடுக்கு ஆணும் கிடையாது, பெண்ணும் கிடையாது, சாதியும் கிடையாது. திறமை இருந்தால் யாரும் வரலாம். இங்கேயும் ரிசர்வேஷன் என்றால் நான் விலகிக்கொள்கிறேன்" என்கிறார். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. நாங்களே தென்சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போய், "நார்த் மெட்ராஸா?" என்று ஏற இறங்கப் பார்க்கப்பட்டவர்கள். யாரையும் ஒதுக்க எங்களுக்கு எண்ணமில்லை. என்ன செய்வது?

– வாசகர், திருவொற்றியூர்

பதில்: தம்பி, உங்கள் மூத்த நண்பர் சொல்வது கம்பைலர் வரைக்கும் உண்மை. குழு என்பது கம்பைலர் அல்ல. எந்த நேரத்தில் கூடுவது, எந்த மாடியில் கூடுவது, எங்கே நின்று முடிவெடுப்பது என்பதையெல்லாம் ஆட்கள்தான் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானங்களிலேயே யார் உள்ளே, யார் வெளியே என்பதும் முடிந்துவிடுகிறது. தென்சென்னைக் கூட்டத்தில் உங்களை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. ஆனாலும் மறுபடி போகத் தோன்றியிருக்காது. அந்த நான்கு பெண்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

திறமை மட்டுமே ஆட்களைப் பிரிக்கிறது என்றால் ஒரு கணக்கு இடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த ஃப்ளாஸ்போல்ஸ் ஆய்வு 2006-இல் சொன்னது: கட்டற்ற மென்பொருள் உலகில் பெண்கள் சுமார் 1.5 சதவீதம், சம்பளத்துக்கு வேலை நடக்கும் தனியுரிம மென்பொருள் துறையில் சுமார் 28 சதவீதம். இரண்டு இடத்திலும் எழுதுவது நிரல்தான். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 2017-இல் எடுத்த கணக்கெடுப்பிலும் பதில் சொன்ன பங்களிப்பாளர்களில் பெண்கள் 3 சதவீதமே. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு கிட்ஹப்பில் பெண்கள் அனுப்பிய நிரல் மாற்றங்களைப் பரிசீலித்தது. மொத்தத்தில் அவை ஆண்களுடையதைவிடச் சற்று அதிகமாகவே ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் ஒரு திட்டத்துக்குப் புதிதாக வருபவர் பெண் என்று பெயரிலோ படத்திலோ தெரிந்தால் ஏற்பு விகிதம் கணிசமாகக் குறைந்தது. கோடு ஆண் பெண் பார்க்காமல் இருக்கலாம். அதைப் படிக்கிறவர் பார்க்கிறார்.

நடத்தை விதிகளைப் பற்றி உங்கள் குழு பயப்பட வேண்டியதே இல்லை. இந்தச் சண்டை 2018-இல் பெரிய இடங்களிலேயே நடந்து முடிந்துவிட்டது. கம்பைலர் கருவிகளை உருவாக்கும் எல்எல்விஎம் திட்டத்தில் முக்கியப் பங்களிப்பாளர் ஒருவர், உங்கள் மூத்த நண்பர் சொல்வது போன்ற காரணங்களைச் சொல்லித்தான் விலகினார். எல்எல்விஎம் தொடர்ந்து வளர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் லினக்ஸ் கெர்னல் 'காண்ட்ரிபியூட்டர் கோவனன்ட்' என்ற விதித்தொகுப்பை ஏற்றது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கடுமையான பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கியிருந்தார். கெர்னல் உடைந்துவிடும் என்று பலர் எழுதினார்கள். 4.19 பதிப்பு அக்டோபரில் வெளிவந்தது, அவரும் திரும்பினார்.

நீங்கள் அதே தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பதிப்பைப் பார்த்து எடுங்கள். கெர்னல் எடுத்த 1.4 பதிப்பில் இனம், மதம், பாலினம் எல்லாம் இருக்கும், சாதி இருக்காது. 2.1 பதிப்பில் சாதி என்று வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊருக்கு அதுதான் வேண்டும். புதிதாக வருகிறவரிடம் "எந்த ஏரியா, எந்தத் தெரு, அப்பா என்ன பண்றார்" என்று அடுக்கிக் கேட்பது நம்மிடம் சாதி விசாரிக்கும் வழி. வியாசர்பாடி, காசிமேடு என்று சொன்னதும் கேட்பவர் முகம் மாறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்த விசாரணை கூடாது என்று தமிழில், அரைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். புகாரை யாரிடம் சொல்வது என்று இரண்டு பேரைக் குறிப்பிடுங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். இப்போது குழுவில் ஆளில்லை என்றால் வெளியிலிருந்து நம்பகமான ஒரு ஆசிரியையைக் கேளுங்கள். புகார் வாட்ஸ்அப் குழுவில் விவாதத்துக்கு வரக்கூடாது. ஆள் குறிக்காத விதி சுவரில் ஒட்டிய காகிதமாகவே நின்றுவிடும்.

இனி டீக்கடை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன அந்த வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இரவு எட்டரைக்கு எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம், டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில், ஒரு பத்தொன்பது வயதுப் பெண் உங்களோடு டீக்கடையில் நின்று அடுத்த வாரப் பேச்சாளரைத் தீர்மானிக்க முடியுமா? எர்ணாவூருக்கோ கத்திவாக்கத்துக்கோ அவள் போய்ச் சேர வேண்டும். அவள் ஐந்து மணிக்கு வந்து எல்லாம் கேட்டிருப்பாள். அடுத்த வாரம் வந்தால் அவளுக்குத் தெரியாத ஏதோ ஒன்று முடிவாகியிருக்கும். இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால் தான் விருந்தாளி என்பது அவளுக்குப் புரிந்துவிடும். டீ குடியுங்கள், நட்பு அங்கேதான் வளரும். முடிவுகளை மட்டும் கூட்டத்திலேயே எடுத்து, எழுதிவையுங்கள்.

நேரத்தை ஞாயிறு காலைக்கு மாற்றலாம் என்று உடனே தோன்றும். வேண்டாம். காசிமேட்டில் வாரத்திலேயே கூட்டம் நெரியும் மீன் வியாபாரம் ஞாயிறு காலையில்தான். மீன் விற்கும் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அன்று கை ஓயாது. ராயபுரத்தில் பலருக்கு மாதா கோயில் பூசை இருக்கும். மதியம் 2 முதல் 5 வரை வைத்துப் பாருங்கள். இடமும் தேரடி மெட்ரோ பக்கமாக இருந்தால் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டையிலிருந்து தனியாக வந்து திரும்புவது எளிது. மாடிப்படி ஏற முடியாதவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரமும் ஆட்களைப் பிரிக்கும். வட சென்னையில் பல வீடுகளில் இருக்கும் ஒரே கணினி, அக்காவோ அண்ணனோ பிளஸ் டூ முடித்தபோது வாங்கிய அரசு இலவச மடிக்கணினி. ஆரம்ப ஆண்டுகளில் கொடுத்தவை 2 ஜிபி ரேம் கொண்டவை. பாஸ் லினக்ஸ் அதிலேயே நிறுவப்பட்டிருந்தது. அதில் கனமான மென்பொருளை ஓட்டச் சொன்னால் முதல் நாளே பிள்ளை தோற்றுப்போகும். எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான மேசைத்தளத்தோடு லினக்ஸைப் போட்டுக்கொடுங்கள். பாடத்துக்குக் கணியம் மின்னிதழ் 2012 முதல் தமிழில் வெளியிட்டு வருபவை இருக்கின்றன. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே பயிற்சி தருகிறது; அவர்களிடம் பேசிப் பாருங்கள்.

ஒருங்கிணைப்பாளர் இடங்களுக்கு வருகிறேன். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கிய மாநிலத்தில் இருந்துகொண்டு, ஐந்தில் இரண்டு அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு இடமும் வேண்டும். ஆனால் குழுவில் பெண்ணே இல்லாதபோது நிரப்பினால், வருகிறவர் போஸ்டரில் பெயராகவும் குரூப் போட்டோவில் முகமாகவும் மட்டும் இருப்பார். முதலில் ஆட்கள் வேண்டும், அதற்கு ஒரு வழி உண்டு: பெயர் சொல்லிக் கூப்பிடுவது. பைத்தான் நிரல்மொழிக்கான அமெரிக்க பைகான் மாநாட்டில் 2011-இல் பேசியவர்களில் பெண்கள் 1 சதவீதம். 2016-இல் 40 சதவீதம். அதற்கு இட ஒதுக்கீடு வைக்கவில்லை. மாநாட்டு அமைப்பாளர்களில் ஒருவரான ஜெசிகா மெக்கெல்லர் போன்றவர்கள் பெண்களுக்குத் தனித்தனியாக எழுதி, "நீங்கள் பேச விண்ணப்பியுங்கள்" என்று கேட்டார்கள். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசமே முன்வந்து வழிகாட்டியதில், மரியாட்டா விஜயா 2017-இல் பைத்தானின் முதல் பெண் மைய நிரலாளர் ஆனார். உங்கள் பக்கத்திலேயே பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. கணினித் துறை ஆசிரியையைப் பார்த்து, ஒரு பயிற்சியை அங்கேயே போய் நடத்துங்கள். ஊதியமில்லாமல் உழைக்க வீட்டு நிலைமை இடம் தராதவர்களுக்கு அவுட்ரீச்சி என்ற பயிற்சித் திட்டத்தைச் சொல்லுங்கள்: மூன்று மாதம், வீட்டிலிருந்தே வேலை, 7,000 டாலர் உதவித்தொகை.

மூத்த நண்பரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். புதியவர் ஒருவருக்கு முதல் மாற்றத்தை அனுப்பும் வரை கூட இருந்து சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்; நன்றாகத் தெரிந்தவர்தான் அதைச் செய்ய முடியும். அதற்குப் பிறகும் விலகுவேன் என்றால் மரியாதையோடு வழியனுப்புங்கள். அவர் போய்விடுவாரே என்று கவலைப்படுகிற நீங்கள், ஏற்கெனவே போய்விட்ட நான்கு பேரைப் பற்றியும் அதே அளவு கவலைப்பட வேண்டும்.

இதையெல்லாம் வாக்கெடுப்பில் முடிவுசெய்வதாக இருந்தால், அதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அந்த நான்கு பேரையும் இந்த வாரமே கூப்பிட்டு, ஏன் நின்றீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வது நான் இங்கே எழுதியதற்கு மாறாக இருந்தால், அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.