மாத்திரைக் கவரைக் கொட்டிப் பார்

அன்புள்ள தமிழினிக்கு,

உன் வார்டில் கோவிட் நோயாளி ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதிகள் இரண்டும் ஏறியிருக்கின்றன, வைரஸ் கல்லீரலையும் பிடித்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். வைரஸ்மேல் பழி போடுவது சுலபம். அது மறுத்துப் பேசாது.

2020 முதலே பார்த்துவருவதுதான். ஆஸ்பத்திரியில் சேர்கிற கோவிட்காரர்களில் பலருக்கு இந்த அளவு இரண்டு மூன்று மடங்கு கூடும். நோய் தணிந்தால் பெரும்பாலும் தானே இறங்கும். எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் தூக்கலாக இருந்தால் சி.பி.கே. பார், எஸ்.ஜி.ஓ.டி. தசையிலிருந்தும் வரும். ஆயிரத்தைத் தாண்டினால் மட்டும் கோவிட் என்று சும்மா இருக்காதே. பிரஷர் இறங்கியதா, ஆக்சிஜன் குறைந்ததா, மழைக்காலமானால் கூடவே டெங்குவா என்று தேடு.

அதற்கெல்லாம் முன்னால், தலைமாட்டில் இருக்கும் மாத்திரைக் கவரை வாங்கிப் படுக்கைமேல் கொட்டு. 650 பாரசிட்டமால் அட்டை ஒன்று இருக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை அட்டை இன்னொன்று. அதன் பின்பக்கப் பொடியெழுத்தைப் படி. பல சமயம் அதிலும் பாரசிட்டமால்தான். அவரைப் பொறுத்தவரை ஒன்று காய்ச்சலுக்கு, மற்றது சளிக்கு. நாளுக்கு 4 கிராம் என்பது திடமான ஆளுக்கே உச்சம். நாலு நாளாகச் சோறு இறங்காதவருக்கும் தினமும் குடிப்பவருக்கும் பாரசிட்டமாலிலிருந்து உண்டாகும் நஞ்சை முறிக்கும் குளூட்டாதயோன் கல்லீரலில் வற்றியிருக்கும். சந்தேகம் வலுத்தால் அசிட்டைல்சிஸ்டீன் போடத் தாமதிக்காதே.

சீந்தில் கஷாயம் குடித்தீர்களா என்றும் கேள், அதட்டாமல். எதிர்ப்புசக்திக்கென்று அதைக் குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் ஏற்கவில்லை. அந்தச் சண்டை கிடக்கட்டும், நீ கேஸ் ஷீட்டில் எழுதிவை. நாம் போட்டதையும் சேர்த்தே எழுது: ரெம்டெசிவிர், டோசிலிசுமாப் இரண்டுமே இந்த அளவை ஏற்றக்கூடியவை.

குழந்தைகள் வார்டுக்கு மாறும்போது ஆஸ்பிரினையும் விசாரி. 1963-இல் ஆஸ்திரேலியாவில் டக்ளஸ் ரே விவரித்த நோயில் ஃப்ளூவோ அம்மையோ கண்ட பிள்ளைகளுக்கு மூளை வீங்கும், கல்லீரலில் கொழுப்பு படியும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள் என்று 1980-களில் அமெரிக்காவில் எச்சரித்த பிறகு அது அங்கே அரிதாகிப்போனது. ஃப்ளூ இன்னும் இருக்கிறது.

உன் நோயாளிக்கு ரத்தம் உறைவதைப் பார்க்கும் ஐ.என்.ஆர். அனுப்பினாயா? கடிதத்தில் அதைக் காணோம். அது கூடினாலோ, ஆள் குழறிப் பேசினாலோ நடுராத்திரியானாலும் சீஃபை எழுப்பு. திட்டினால் திட்டட்டும்.

அன்புடன்,
அத்தை