பரணில் உள்ள பழந்தொகுப்பும் விரத நெறியும்

இல்லறத்தார்க்கு உரைத்த ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது பொருள் வரைதல். நிலம், பொன், தானியம் மட்டுமன்றி, விருப்பத்தால் திரட்டிய யாவும் அவ்வரையறையுள் அடங்கும். 1972-இல் தோன்றிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்களும், அம்புலிமாமா தொகுதிகளும், அஞ்சல்தலைகளும், பழங்காசுகளும் இதற்கு விலக்கல்ல. ஆகவே, மிகுந்தவற்றை விற்று நீக்குதல் விரதத்திற்கு இசைந்ததே. விற்கும் முறை யாது?

கள்ளாமையின் ஐந்து அதிசாரங்களுள் இரண்டு இங்குக் கருதத்தக்கன.

முதலாவது, போலி கலந்து விற்றல். மறுபதிப்பை முதற்பதிப்பென்பதும், நகல் அட்டை ஒட்டியதை மறைப்பதும் இதன்பாற்படும். கிழிந்த பக்கத்தைச் சொல்லியே விலை பேசுக.

இரண்டாவது, அரச ஆணை கடத்தல். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த சிலை, காசு ஆகியவற்றையும், 75 ஆண்டு கடந்த அரிய சுவடிகளையும் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்பலாகாது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பூட்டிய வீட்டுப் பரண்களில் கதைப்புத்தகக் கட்டுகளோடு ஏட்டுச் சுவடியும் கிடக்கக்கூடும். எனவே எடைக்குப் போடுமுன் ஒவ்வொன்றையும் பிரித்துப் பட்டியலிடுக. சுவடி கிடைப்பின் விற்காது மேல்சித்தாமூர் மடத்தில் காட்டுக. அது சாத்திர தானமாம்.

மற்றவற்றை இயன்றவரை சிதறாமல் கொடுக்க. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு அழைப்பிதழ், நாடக நோட்டீசுகளையும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை ஒருசேர வாங்கியது. 1994-இல் சென்னையிலேயே அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. சில்லறையாய்ப் பிரிந்திருப்பின் அந்நூலகம் ஏது?

பற்று நீங்குக, பொருள் பாழாகாதிருக்க.