நெல்லிக்கனியும் குடலின் உட்சவ்வும்

சென்னை மயிலாப்பூர்த் தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைகளில் பெருநெல்லி வந்து குவியும் பருவத்தில், அதனைப் பெரும்பாலோர் ஊறுகாய்க்கென்றே வாங்குகின்றனர். குடற்புண்ணை ஆற்றுவதற்கும் அது உதவுமென்னும் பேச்சு இப்போது பரவி வருகின்றபடியால், அதில் உண்மை எவ்வளவு என்பதை நெல்லி பயிரிடுவோர் அறிந்திருத்தல் நலம்.

குடலின் உட்புறத்தை மூடியுள்ள சவ்வின் மேற்பரப்பு, ஒற்றை வரிசையாயமைந்த உயிரணுக்களால் ஆனது. ஏறக்குறைய நாலைந்து நாட்களில் அவை உதிர்ந்து, புதியவை தோன்றுகின்றன. பேதியினாலோ, சில வலிமருந்துகளாலோ அங்கே அழற்சி உண்டாகுங்கால், பிராணவாயுவிலிருந்து பிறக்கும் தீவிரப் பொருள்கள் மிகுந்து, காற்றுப்பட்ட எண்ணெய் காறிச் சிக்கு வாடை அடிப்பதுபோல், உயிரணுக்களின் கொழுப்பைக் கெடுக்கின்றன. இக்கேட்டைத் தடுப்பவற்றுக்கு ஆக்ஸிகரணத் தடைப்பொருள்கள் என்று பெயர். நெல்லியிலுள்ள ஸி உயிர்ச்சத்தும் துவர்ப்புச் சத்துக்களும் இவ்வினத்தவை. புண் ஆறுவதற்கு வேண்டிய கொலாஜென் உண்டாவதற்கும் ஸி சத்து இன்றியமையாதது.

உணவுக் குறைவு குடலைக் கெடுக்கும் என்பதை நீலகிரிக் குன்னூரில் டாக்டர் ராபர்ட் மக்காரிஸன் குரங்குகளைக் கொண்டு ஆராய்ந்து, 1921-ல் வெளியிட்ட நூலில் விவரித்தார். ஆவியழுத்தத்தில் வேகவைத்து உயிர்ச்சத்து அழிந்த உணவை உண்டவற்றுக்குப் பேதி கண்டது. குடற்சவ்வு இரத்தங்கட்டி, மெலிந்து, புண்பட்டிருந்தது. இயற்கையுணவு உண்டவை சுகமாயிருந்தன. எனினும் பல சத்துக்கள் ஒருங்கே குறைந்திருந்தமையால், ஸி சத்து ஒன்றே காரணமென்று கொள்ளலாகாது. நெல்லிச் சாரம் எலிகளின் இரைப்பைப் புண்ணைக் குறைத்ததாகப் பிற்காலச் சோதனைகள் கூறும். மனிதரிடத்தில் அவ்வளவு திடமான சான்று இன்னும் இல்லை.

மக்காரிஸன் தொடங்கிய ஆராய்ச்சிசாலை 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அதன் பழைய அட்டவணையில் 100 கிராம் நெல்லிக்கு 600 மில்லிகிராம் ஸி சத்து என்றிருந்தது, 2017-ஆம் ஆண்டு அட்டவணையில் சுமார் 250 ஆயிற்று. பழைய எண்ணை இன்னும் விளம்பரத்தில் அச்சிடுவோர் இதைக் கவனிப்பாராக. இவ்வளவே இருப்பினும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதைப் பெரிய காய் ஒன்றே அநேகமாகத் தந்துவிடும்.

மானாவாரியிலும், ஓரளவு களர் பட்ட நிலத்திலும் நெல்லி தாங்கி வளரும். ஒட்டுக்கன்றுகளை 6 மீட்டர் இடைவெளியில் நடுக. ஒரே ரகமாயின் காய்ப்புக் குன்றக்கூடுமாகையால், இரண்டு ரகங்களைக் கலந்து வைத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் ஒன்றை ஊராருக்கு எடுத்துரைத்தல் அவசியம். பேதி கண்ட குழந்தைக்கு நெல்லிச்சாறு மருந்தாகாது. உப்புச் சர்க்கரைக் கரைசலும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையாயின் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகமும் 10 முதல் 14 நாள் வரை கொடுக்குமாறு உலக சுகாதார ஸ்தாபனம் 2004-ல் அறிவுறுத்தியுள்ளது. இவை ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கும். நெல்லியைப் பேதி நின்ற பின்னர் உணவோடு கொடுக்கலாம்.