டிராக்டரின் முன்சக்கரம் நேராக ஓடுகிறதா?



நிலக்கடலைக்கும் உளுந்துக்கும் வரிசைக்கு வரிசை 30 செ.மீ. இடைவெளி விடவேண்டும் எனப் பரிந்துரை செய்கிறோம். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் விதைக்கருவியைப் பூட்டி விதைக்கும்போது டிராக்டரின் முன்சக்கரம் ஆடினால், போன சாலுக்கும் திரும்பிய சாலுக்கும் இடையே ஓரிடம் அகலும், ஓரிடம் நெருங்கும். பிறகு களைக்கருவியை ஓட்டினால் களையுடன் பயிரும் சாயும். அதே ஆட்டத்துடன் டிரெய்லரில் கரும்பு ஏற்றிச் சாலையில் சென்றால் உயிருக்கே ஆபத்து.

டயர் தேய்ந்தவுடன் புது டயர் வாங்கி மாட்டுவோர் பலர். தேய்வின் காரணத்தை நீக்காவிட்டால் புது டயரும் அவ்வாறே தேயும். ஆகவே ஆட்டத்தை முதலில் நீக்கவேண்டும். சக்கரங்களின் நேர்ப்பாட்டை அதன் பின்னரே அளக்கவேண்டும். இந்த வரிசையை மாற்றினால் செலவு இரட்டிப்பாகும்.

ஆட்டம் ஏன் வருகிறது?

இரு சக்கரங்கள் மட்டும் இழுக்கும் பழைய டிராக்டர்களின் முன் அச்சில் ஜீப்பில் உள்ளது போன்ற வில்பட்டை இல்லை. நடுவிலுள்ள சென்டர் பின்னில் அச்சு தராசுக் கோல் போல் தொங்குகிறது. வரப்பில் ஏறி இறங்கும் அதிர்ச்சி முழுவதையும் பின், புஷ், பேரிங் ஆகியவையே தாங்குகின்றன. அறந்தாங்கி வட்டத்தில் கல்லணைக் கால்வாய்ப் பாசன வயல்களில் சேற்றுழவு செய்யும்போது, தேய்ந்த ஆயில் சீல் வழியே சேறு உட்புகுந்து கிரீசுடன் கலந்து பேரிங்கை அரைத்துவிடும்.

டயரைப் பார்த்து அறிதல்

1. இரு டயர்களிலும் வெளி ஓரம் தேய்ந்தால் சக்கரங்களின் முன்பக்கம் அளவுக்கு மேல் உள்நோக்கி உள்ளது.
2. உள் ஓரம் தேய்ந்தால் முன்பக்கம் வெளிநோக்கி விரிந்துள்ளது.
3. ஒரே டயரின் இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு; நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம்.

ஆட்டத்தைக் கண்டறிதல்

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுக்கவும். முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, இருபுறமும் உறுதியான மரக்கட்டைகளின் மேல் அமர்த்தவும். அச்சு நடுவில் சுழலக்கூடியது; ஆதலால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கலாகாது.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைக்கவும். ஹப் மட்டும் அசைந்தால் பேரிங் தளர்ந்துள்ளது. ஹப்புடன் கிங் பின்னும் சேர்ந்து அசைந்தால் புஷ் தேய்ந்துள்ளது. பின்னர் இடமும் வலமும் பிடித்து அசைக்கவும். அப்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டு அல்லது ஸ்டியரிங் பெட்டியில் குறை உள்ளது. அச்சைக் கடப்பாரையால் நெம்பிச் சென்டர் பின்னையும் பார்க்கவும்.

சீர்செய்தல்

பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தவும். உருளைகளில் குழியோ நீலநிறமோ தெரிந்தால் மாற்றவேண்டும். நன்றாக இருந்தால் புது கிரீசும் புது ஆயில் சீலும் போடவும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கமாக உணரும்வரை நட்டை முடுக்கி, அடுத்த துளைக்குத் தளர்த்தவும். சக்கரம் தாராளமாகச் சுற்றவேண்டும், அசைவு இருக்கக்கூடாது. ஸ்பிளிட் பின் புதிதாகவே இருக்கட்டும்.

கிங் பின்னும் புஷ்ஷும் சேர்ந்தே தேய்கின்றன. பழைய பின்னுக்குப் புது புஷ் போட்டால் நெடுநாள் நிற்காது. இவ்வேலையை நல்ல பட்டறையில் செய்வதே நன்று. டை ராட் எண்டு தேய்ந்தால் மாற்றவேண்டுமேயன்றிப் பற்றவைத்து ஒப்பேற்றலாகாது. அது சாலையில் முறிந்தால் டிராக்டர் ஓட்டுநரின் கையில் நிற்காது.

நேர்ப்பாட்டை அளத்தல்

டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, இரு முன் டயர்களிலும் காற்றைச் சமமாக்கி, சக்கரங்களை நேராக வைக்கவும். அச்சு மையத்தின் உயரத்தில், டயர்களின் முன்பக்க உள் ஓரங்களில் சாக்குக்கட்டியால் குறியிட்டு இடைத்தூரத்தை அளக்கவும். குறிகள் அதே உயரத்தில் பின்பக்கம் வரும்வரை டிராக்டரை மெதுவாக முன்னே நகர்த்தி மீண்டும் அளக்கவும்.

முன் அளவு பின் அளவைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கவேண்டும். இதனைப் பட்டறையில் 'டோ-இன்' என்பர். சரியான அளவு உங்கள் டிராக்டரின் கையேட்டில் இருக்கும். டை ராட் அச்சுக்குப் பின்னால் இருந்தால், அதை நீட்ட முன் அளவு குறையும். அச்சுக்கு முன்னால் இருந்தால் நேர்மாறு. இருபுறமும் தனித்தனிக் கம்பி உள்ள டிராக்டரில் இரண்டையும் சமமாகத் திருகவேண்டும். பின் பூட்டு நட்டுகளை இறுக்கி, சிறிது தூரம் ஓட்டி மறுபடி அளக்கவும்.

காக்கும் வழி

சேற்றுழவு நாள்களில் மாலைதோறும் முன் அச்சைக் கழுவி, அழுக்குக் கிரீஸ் வெளிவந்து புதுக் கிரீஸ் தெரியும்வரை நிப்பிள்களில் அடிக்கவும். சக்கரம் தரையிலிருந்து உயர்ந்திருக்கும்போது அடித்தால் கிங் பின்னின் தேயும் பரப்பிற்குள் கிரீஸ் நன்கு செல்லும்.

ஆடிப்பட்ட விதைப்புக்கு முன் ஒருமுறையும், சேற்றுழவு முடிந்தவுடன் ஒருமுறையும் இச்சோதனையைச் செய்வீர்களாக. சாக்குக்கட்டிக்கும் அளவு நாடாவுக்கும் ஆகும் செலவு சிறிது. காப்பாற்றப்படுவதோ டயரும் பயிரும் உயிரும்.