அழைப்பு எப்படி வரும்?

கேள்வி: ஐ.டி. வேலையில் இருக்கிறேன். ஆண்டவர் என்னை ஊழியத்துக்கு அழைப்பதாக மனசு சொல்கிறது. வேலையை விட்டுவிடலாமா? – வாசகி, நாவலூர்

பதில்: அவசரப்பட்டு ராஜினாமா எழுதாதீர்கள், சகோதரி. உங்களூருக்குத் தென்மேற்கே திண்டிவனம். அங்கேதான் அமெரிக்க மிஷனரி மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடருக்கு அழைப்பு வந்தது. நோயுற்ற தாயைக் கவனிக்க வந்தவர். அமெரிக்கா திரும்புவதிலேயே குறியாக இருந்தார். ஒரே இரவில் மூன்று பேர், பிரசவ வேதனையிலிருந்த மனைவிக்காக அடுத்தடுத்து வந்து அவரைக் கூப்பிட்டார்கள். "எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பா டாக்டர்" என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாமென்று திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

ஐடா உடனே ஊழியத்தில் குதித்துவிடவில்லை. அமெரிக்கா போய்ப் படித்து, 1899இல் டாக்டரானார். பிறகுதான் வேலூர் மருத்துவமனை. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

வேதாகமத்தில், ஆண்டவர் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேலும் மூன்று முறை ஆசாரியன் ஏலியிடம்தான் ஓடினான். அழைப்பது யாரென்று அந்த முதியவர்தான் புரியவைத்தார். மறுநாள் காலை சாமுவேல் வழக்கம்போல ஆலயக் கதவுகளைத் திறந்தான். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

உங்களை நன்கறிந்த மூத்த விசுவாசி ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். உங்கள் வாசலுக்கு உதவி கேட்டு வருபவர்கள் யார், அவர்களுக்காக நீங்கள் என்ன கற்க வேண்டும் என்றும் பாருங்கள். அதுவரை வேலையில் இருங்கள்.